பாலத்தில் இடைவெளி எதற்கு?



செபராங் ஜெயாவிலிருந்து பஸ் ஏறிப் பினாங்குப் பாலத்தின் வழியே தீவுக்குப் போயிருப்பீர்கள். சக்கரத்தின் அடியில் விட்டுவிட்டுத் 'தடக் தடக்' என்று ஓர் ஓசை கேட்கும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறை அழைத்துச் சென்றபோது ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சார், பாலம் வெடித்திருக்கிறதா?" என்று கேட்டான். நாங்கள் சிரித்துவிட்டோம். பெரியவர்களுக்கே அந்தச் சந்தேகம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

அது வெடிப்பு அல்ல. வேண்டுமென்றே விட்ட இடைவெளி. விரிவு மூட்டு என்பார்கள்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதை மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இரும்புப் பட்டையைக் காய்ச்சினால் பெரிதாகிறது. சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றியதும் சுருங்கிப் பிடித்துக்கொள்கிறது. கான்கிரீட்டும் அப்படியே. 100 மீட்டர் நீளமுள்ள தளம் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும். இவ்வளவுதானா என்று எண்ண வேண்டாம். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் கடலின் மேல் மட்டும் 8.4 கிலோமீட்டர் ஓடுகிறது. அதை ஒரே துண்டாகக் கட்டியிருந்தால் அதே சூட்டில் முக்கால் மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். நீள இடமில்லாவிட்டால் தளம் நெளியும். இல்லையேல் தூணைத் தள்ளும்.

ஆகவே பாலத்தைப் பகுதி பகுதியாகக் கட்டி, இடையில் வழி விடுகிறார்கள். சிறிய இடைவெளியை ரப்பர்ப் பட்டையால் மூடுவார்கள். பெரிய இடைவெளிக்கு, இரு கைவிரல்களைக் கோத்தாற்போல் இரும்புப் பற்களைப் பொருத்துவதும் உண்டு. அந்த இடைவெளியில் கல்லும் மண்ணும் அடைந்தால் வெயிலில் தளம் நீள முடியாமல் விளிம்பு நொறுங்கும். ரப்பர் கிழிந்தால் மழைநீர் கீழே இறங்கி இரும்பை அரிக்கும். கடல்காற்றில் கேட்கவே வேண்டாம்.

நம் பிள்ளைகள் பலர் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். மூட்டின் இரும்பு மழையில் வழுக்கும். எங்கள் லயத்துப் பையன் ஒருவன் ஒரு பாலத்து மூட்டின் மேல் சட்டென்று பிரேக் பிடித்து விழுந்து, முழங்கையை முறித்துக்கொண்டான். மூட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியைத் திருப்பாமல் நேராகக் கடக்க வேண்டும். வீட்டில் சொல்லி வையுங்கள்.

தளம் நீளும்போது தூணின் மேல் உராயாதா? அதற்குத்தான் தூணுக்கும் தளத்துக்கும் நடுவே மெத்தை வைக்கிறார்கள். பல பாலங்களில் அது ரப்பரும் இரும்புத் தகடும் மாறி மாறி அடுக்கிய மெத்தை. மேலிருந்து அழுத்தினால் நசுங்காது. பக்கவாட்டில் தள்ளினால் இசைந்து கொடுக்கும். இங்கிலாந்தில் லிங்கன் நகரத்துப் பெல்ஹாம் பாலத்தில் 1950-களிலேயே இயற்கை ரப்பர் மெத்தை வைத்தார்கள். 2014-இல் பத்து காவானிலிருந்து தீவுக்குத் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்திலும் இயற்கை ரப்பர் மெத்தைகளே. சுமத்திராவில் நிலம் அதிர்ந்தால் அந்த ஆட்டத்தையும் அவை வாங்கிக்கொள்ளும். இயற்கை ரப்பர் என்றால் நம் பால்மரத்துப் பால்தான்.

இதைச் சொன்னதும் அந்த மாணவன், "எங்கள் பாட்டி வெட்டிய பாலும் அதில் இருக்குமா, சார்?" என்றான். இருக்கலாம் என்றோம்.