எலிக்குட்டியும் சீனித் தண்ணீரும்

எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்ட லயங்களில் பிள்ளைகள் உள்ளங்கையில் சீனியை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு வெறுந்தேத்தண்ணி என்று குடிப்பார்கள். இந்தச் சின்ன வயது இனிப்பு ஆசை எலிகளுக்கும் உண்டு.

ஆய்வுகூடத்தில் கூண்டுக்கு இரண்டு போத்தல்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் நூற்றுக்கு ஒரு பங்கு சீனி கரைத்த தண்ணீர். எலி ஒரே பக்கமாகப் பழகிவிடாதிருக்க, இடையில் போத்தல்களை இடம் மாற்றி வைப்பார்கள். கடைசியில் நிறுத்துப் பார்த்தால் எதை எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். உடல் எடையோடு ஒப்பிட்டால், இளம் எலிகள் முதிர்ந்தவற்றைவிட அதிகமாகச் சீனித் தண்ணீர் குடிப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இது நாக்கோடு முடிகிற விஷயமில்லை. இன்பத்தை உணர்த்தும் மூளைப் பகுதிகள் அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

இந்த இன்ப நாட்டம் குறைவதையும் சீனித் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். 1987இல் உளவியலாளர் பால் வில்னரின் குழுவினர் எலிகளுக்கு வாரக்கணக்கில் சிறுசிறு தொல்லைகள் கொடுத்தார்கள். எலிகளுக்குச் சீனித் தண்ணீரில் நாட்டம் குறைந்தது. மனச்சோர்வு மருந்து கொடுத்துவர, அது மெல்லத் திரும்பியது. மனச்சோர்வு ஆய்வுகளில் இந்தச் சோதனை இன்றும் நடக்கிறது.

நாம் குடிக்கும் சீனித் தண்ணீருக்கும் ஓர் அளவுகோல் உண்டு: இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவைக் காட்டும் நிற அடையாளம் உண்டு. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு.