ஒரே கிளினிக் நாளில் இரண்டு பேராகப் போவோம்

(சம்பூரில் நடந்த இளைஞர் சந்திப்பில் எங்கள் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி வந்த எங்களுக்கு நேற்று ராத்திரி நல்ல மீன் குழம்பு போட்டீர்கள். முதலில் அதற்கு நன்றி. சங்கக்காரர் வந்தால் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு நாங்கள் பேச வந்தது இளம் வயதில் புற்றுநோய் வந்த பிள்ளைகளைப் பற்றி.

15 வயதிலிருந்து 39 வயது வரை உள்ள நோயாளிகளை வைத்தியர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். இரத்தம், நிணநீர், தைரொயிட், மார்பகம், ஆண்களுக்கு விதை என்று இந்த வயதிலும் புற்றுநோய் வருகிறது. சின்னப் பிள்ளை என்றால் அம்மா மடியில் இருக்கும். வயதானவர் என்றால் மகன் கூட்டிப் போவான். கொழும்பில் கடையில் வேலை செய்து வீட்டுக்குக் காசு அனுப்புகிற 22 வயதுப் பிள்ளையின் நிலைமை வேறு. அந்தப் பிள்ளை விழுந்தால் வீடே விழுகிறது. கலியாணம் பேசுகிற வயது வேறு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு தங்கச்சிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. லயத்தில் "அல்சர்" என்றுதான் சொன்னார்கள். அம்மாவும் மகளும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ராத்திரி பஸ்ஸில் போவார்கள். இரண்டு பேருக்கும் சிங்களம் சரியாக வராது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். பஸ் காசும், செக்றோலில் விழாத அம்மாவின் பேரும் இலவசம் இல்லையே.

வாட்டில் ஒரு நாள், வேறு மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தி, அதே வயது, கட்டிலில் வந்து உட்கார்ந்து "முடி எப்ப கொட்டினது?" என்று கேட்டாளாம். அதுவரைக்கும் யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு என்றாள். மருந்து ஏற்றின பிறகு காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றாள். தனக்கு அடுத்து மருந்து தொடங்க இருந்த ஒரு அக்காவிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள்: பின்னால் பிள்ளை பெறுகிற விஷயத்தை மருந்து தொடங்க முன்னமே டாக்டரிடம் கேள். இதை எந்த அம்மா கேட்பாள்? நாங்கள் வாத்தியார்மார், நாங்களே கேட்டிருக்க மாட்டோம்.

இது புது விஷயம் இல்லை. 1952இல் அமெரிக்காவில் தெரேஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பை எடுத்தார்கள். பிறகு அவர் தன்னைப் போன்ற பெண்களின் கட்டிலுக்குப் போய்ப் பேசத் தொடங்கினார். சில வைத்தியர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனாலும் 1969இல் அந்த நாட்டுப் புற்றுநோய்ச் சங்கமே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. மும்பையில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கீழ் 'உகம்' என்று ஒரு குழு இருக்கிறது. சிறு வயதில் நோய் வந்து பிழைத்தவர்கள் வளர்ந்து நடத்துவது. நம் நாட்டில் 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தே போய்ச் சேர்த்த காசு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு உதவியது. கட்டடத்துக்கு நடந்த நாடு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவும் ஆள் தேடலாம்.

சம்பூர் மக்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 2006இல் ஊரை விட்டுப் போய், 2015க்குப் பிறகுதான் திரும்பி வந்தீர்கள். முகாமுக்குப் புதிதாக வந்தவருக்குத் தண்ணீர் எங்கே, எந்தக் கந்தோரில் எந்தக் கடிதம் என்று சொன்னது முதல் நாள் வந்து சேர்ந்தவர்தானே?

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த வேறு மாவட்டத்துப் பிள்ளை இறந்துவிட்டது. எங்கள் தங்கச்சி இரண்டு மாதம் போனை எடுக்கவில்லை. பழக விட்டது பிழையோ என்று எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஒரு நாள் அவளே வந்து, கீழ் டிவிசனில் ஒரு தம்பிக்கு நோயாமே, அவனோடு பேசட்டுமா என்று கேட்டாள். அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரைத் தனியே விடுவதில்லை. மூன்று நாலு பேராகச் சேர்க்கிறோம். சுகமாகிப் பல வருசம் ஆன ஒருவர் கூட இருப்பார்.

மருந்து சொல்வது இவர்கள் வேலை இல்லை. ஊசியை நிறுத்திவிட்டு வேர் குடி என்று சொல்கிறவரைக் கிட்டே விட மாட்டோம். பேரை வெளியே சொல்ல நோயாளி சம்மதிக்க வேண்டும். தலைவராக இருந்தாலும் பெரட்டில் அறிவிக்கக் கூடாது. சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போவார், முடிந்தவரை ஒரே கிளினிக் நாளாகக் கேட்டு வாங்குவோம். கிளினிக் அட்டையைக் காட்டியும் துணைக்குப் போன தாயின் வேலைக்குக் கரைச்சல் கொடுத்தால், சங்கம் அதை முறைப்பாடாக எடுக்கும். இதை எங்கள் தலைவர்மாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது நாங்கள் மரத்தடியில் நிற்போம். அந்தத் தங்கச்சியும் வந்திருக்கிறாள். பேர் எழுதுகிற கொப்பி கொண்டு வரவில்லை, காதோடு சொன்னால் போதும்.