மகளை நம்பி அனுப்புவோம்

(இராஜாக்கமங்கலத்தில் நடைபெற்ற மாணவியர் கோடைக்கால உறைவிட முகாமின் தொடக்க நாளன்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

இம்முகாமைத் தொடங்கி வைக்கும் வாய்ப்பை எனக்கு அளித்தமைக்கு நன்றி கூறுகிறேன். காலையில் நான் இங்கு வந்தபோது, மகளைக் கொண்டுவந்து விட்ட தந்தையர் சிலர் திரும்பிப் போக மனமின்றித் தென்னை நிழலில் நின்றிருந்தனர். அவர்களுள் ஒருவர் என்னிடம், “டீச்சர், பகலெல்லாம் படிக்கட்டும், இருட்டுமுன் கூட்டிக்கொண்டு போய், விடிந்ததும் கொண்டுவந்து விடுகிறேன்” என்றார். அவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய அச்சம் எனக்கு நன்கு தெரிந்த அச்சம். ஆகவே அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது, எங்கள் பள்ளி மாணவியரை மூன்று நாள் முகாமுக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடாயிற்று. என் தாயார் வயல் வேலையில் மிச்சம் பிடித்த பணத்தைக் கட்டினார். புறப்படுவதற்கு முந்திய மாலை அக்கம்பக்கத்தார் வந்து ஏதேதோ பேசினர். “பொம்பளப் பிள்ளையை ராத்திரி வெளியிலே தங்க விடுவதா? நாளைக்கு எவன் கேட்டு வருவான்?” என்றார் என் பாட்டி. நான் போகவில்லை.

மூன்று நாளில் என்ன பெரிதாக இழந்துவிட்டேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆசிரியப் பயிற்சிக்காக விடுதியில் சேர்ந்தபோதுதான் இழப்பு விளங்கிற்று. மற்றப் பெண்கள் எழுந்து ஐயம் கேட்டனர். சோறு வேகவில்லை என்று காப்பாளரிடம் முறையிட்டனர். நானோ கடைசி வரிசையில் தட்டை ஏந்தி நின்றேன். என்னை அங்கே நிற்கும்படி எவரும் சொல்லவில்லை. ஒதுங்கி நிற்பது என் உடலிலேயே ஊறிப்போன பழக்கமாக இருந்தது. அதை உதற எனக்கு ஓராண்டு ஆயிற்று.

மாணவியரே! நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூரின் வரலாறே நம் வரலாறு. அங்கே 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அதைப் பொறாத ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தனர். நம் முன்னோர், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையேல் வயலில் இறங்கமாட்டோம் என்று வேலையை நிறுத்திப் பட்டினி கிடந்தனர். 2022-ஆம் ஆண்டு கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது. அந்தச் சிறுமிக்கும் ஒரு தொடக்க நாள் இருந்தது. உங்களுக்கு இன்று வரவேற்பு இருக்கிறது. அவளுக்கு அன்று இருந்தது நெருப்பு.

1942 ஜூலை 20-ஆம் நாள் நாகபுரியில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களின் அனைத்திந்திய மாநாடு நடைபெற்றது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடினர். அண்ணல் அம்பேத்கர் அவர்களிடையே உரையாற்றினார். நம் பெண்குழந்தைகள் தங்கிப் படிக்க அரசு விடுதிகள் வேண்டுமென்பதும் அங்கே எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று. எழுதப் படிக்க அறியாத தாய்மாரும் மகள் வெளியே தங்கிப் படிக்க வேண்டுமென்று கேட்டார்கள். அதன் பயனை நாம் கண்டிருக்கிறோம். ஆந்திரப் பிரதேசத்துச் சமூக நல உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்த மாலாவத் பூர்ணா என்ற பழங்குடிச் சிறுமி, 2014 மே 25-ஆம் நாள், பதின்மூன்றாம் வயதில் எவரெஸ்ட் சிகரம் ஏறினாள். அவளையும் ஒரு தாய் நம்பித்தான் வீட்டைவிட்டு அனுப்பினாள்.

பெற்றோர்களே! நம்பிக்கை வேண்டுமென்று கேட்கிறவர்கள் அதற்குரிய பொறுப்பையும் ஏற்க வேண்டும். இரவு முழுவதும் ஆசிரியைகளும் தாய்மார்களும் முறைவைத்து இங்கே தங்குவார்கள். மாலைதோறும் நீங்கள் மகளோடு கைப்பேசியில் பேசலாம். இங்கே நடப்பவை எதுவும் உங்களுக்கு மறைவில்லை.

மாணவியரை ஊர்வாரியாகப் பிரிக்காமல் கலந்தே குழுக்கள் அமைத்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. பிறர் நம்மை ஒதுக்கியதைக் கண்டிக்கும் நாமே, நம்முள் ஒரு தெருவார் வீட்டில் மறு தெருவார் கை நனைக்காத வழக்கத்தை இன்னும் விடவில்லை. கஞ்சியும் பயறும் ஆனாலும், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆனாலும், இங்கே ஒரே பந்திதான். பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் எல்லார்க்கும் முறைப்படி வரும்.

உதவித்தொகை விண்ணப்பத்தைப் பிறர் துணையின்றி நிரப்பக் கற்றுக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. அதைப் பற்றி இங்கே விளக்குவார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தவறு நேர்ந்தால் மூடி மறைப்பது மானமன்று. வாய் திறந்து சொல்வதே மானம். அண்ணன் தம்பியர்க்கும் இதைச் சொல்லுங்கள். பெண்ணைப் பூட்டி வைப்பது காவலாகாது. அவள் நடமாடும் வழியைக் கண்ணியமாக வைத்திருப்பதே ஆண்மக்களின் கடமை.

இறுதியாக, வாசலில் நின்ற அந்தத் தந்தைக்கு ஒன்று கூறுவேன். ஐயா, இன்றிரவு உங்கள் மகள் வீட்டை நினைத்து அழலாம். விடியும்வரை பொறுத்திருங்கள். காலையில் வந்து, என்னை அல்ல, அவளையே கேளுங்கள். வருகிறேன் என்றால் அழைத்துச் செல்லுங்கள், நாங்கள் தடுக்கமாட்டோம். இருக்கிறேன் என்றால் அவள் சொல்லுக்கு மதிப்பளியுங்கள். மகளின் விருப்பத்தை அவள் வாயாலேயே கேட்டறியும் வழக்கம் நம் வீடுகளில் தொடங்குமானால், இம்முகாமின் பயன் நாளைக் காலையே கிடைத்துவிட்டதாக நான் கருதுவேன்.

இம்முகாமை மகிழ்வுடன் தொடங்கி வைக்கிறேன்.