ஹிட்லரிடம் ஆட்சியை ஒப்படைத்தவர்கள் யார்?

(மே 9 பாசிச எதிர்ப்பு வெற்றி நாளையொட்டி நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வகுப்பின் முடிவில் ஓர் இளம் தோழர் எழுப்பிய கேள்வியிலிருந்து இந்த உரையைத் தொடங்க விரும்புகிறேன். "மார்க்சும் எங்கெல்சும் பிறந்த நாடு ஜெர்மனி. உலகிலேயே வலிமை மிக்க தொழிலாளர் இயக்கங்களுள் ஒன்று அங்கே இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் ஹிட்லர் அங்கே எப்படி ஆட்சிக்கு வர முடிந்தது?" என்று அவர் கேட்டார். அன்று நேரம் குறைவாக இருந்தது. பொருளாதார நெருக்கடி, வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஏற்படுத்திய மனக்காயம், ஹிட்லரின் பேச்சுத் திறன் என மூன்று காரணங்களைச் சொல்லி முடித்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. மூன்றும் உண்மைதான். ஆனால் 1929ஆம் ஆண்டு நெருக்கடி அமெரிக்காவையும் பிரிட்டனையும் பிரான்சையும் கூடத் தாக்கியது. அங்கெல்லாம் ஒரு ஹிட்லர் அரியணை ஏறவில்லை. எனவே அந்தக் கேள்விக்கு இன்று சற்று விரிவாகவே பதில் தேடுவோம்.

தேர்தல் எண்கள் சொல்லும் உண்மை

ஹிட்லரை ஜெர்மானிய மக்கள் பெரும்பான்மை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பலர் நம்புகிறார்கள். பள்ளிப் பாடங்களும் ஏறத்தாழ அப்படித்தான் சொல்லிச் செல்கின்றன. எண்களைப் பாருங்கள்.

1928 தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது 2.6 சதவீதம், 12 இடங்கள். அடுத்த ஆண்டு உலக முதலாளித்துவ நெருக்கடி வெடித்தது. 1930 செப்டம்பரில் அக்கட்சி 18.3 சதவீத வாக்குகளும் 107 இடங்களும் பெற்றது. வேலையற்றோர் எண்ணிக்கை 60 லட்சத்தை எட்டிய 1932ஆம் ஆண்டு, ஜூலைத் தேர்தலில் அது 37 சதவீதத்தைத் தாண்டி 230 இடங்களைப் பிடித்தது. சிறு கடைக்காரர்களும், கடனில் மூழ்கிய விவசாயிகளும், அலுவலக ஊழியர்களும், சேமிப்பை இழந்த நடுத்தரக் குடும்பங்களும் அக்கட்சியை நோக்கித் திரண்டார்கள். 

ஆனால் அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தேர்தல் நடந்தபோது நாஜிகள் 20 லட்சம் வாக்குகளை இழந்தார்கள், 33.1 சதவீதத்திற்கு இறங்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை 1 கோடியே 17 லட்சம் வாக்குகள், 196 இடங்கள். சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் 1 கோடியே 32 லட்சம், இடங்கள் 221. கம்யூனிஸ்ட் கட்சி மட்டுமே 100 இடங்களில் வென்றிருந்தது. நாஜிக் கட்சியின் கருவூலம் காலியாகியிருந்தது. உள்ளுக்குள் பூசல் மூண்டிருந்தது. சுதந்திரமான எந்தத் தேர்தலிலும் ஹிட்லர் பெரும்பான்மை பெற்றதில்லை. அவரது செல்வாக்கு சரியத் தொடங்கிய மூன்றே மாதங்களில் அவர் ஆட்சியில் அமர்த்தப்பட்டார். இந்த மூன்று மாதங்களில்தான் நம் கேள்விக்கான விடையின் முதற்பகுதி இருக்கிறது.

கதவைத் திறந்துவிட்ட கரங்கள்

1930 முதலே ஜெர்மனியில் நாடாளுமன்ற ஆட்சி பெயரளவில்தான் இருந்தது. வைமார் அரசியலமைப்பின் 48ஆவது பிரிவைப் பயன்படுத்தி, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் அவசரச் சட்டங்கள் மூலமே பிரதமர்கள் ஆண்டார்கள். கூலி வெட்டப்பட்டது, வேலையற்றோருக்கான உதவித்தொகை குறைக்கப்பட்டது. முதலாளிகளுக்கு இதுவும் போதவில்லை. 1918 நவம்பர் புரட்சியின்போது தொழிலாளர்கள் வென்றெடுத்த எட்டு மணி நேர வேலையும் கூட்டுப்பேர உரிமையும் அவர்கள் கண்களை உறுத்திக்கொண்டே இருந்தன. 

1932 ஜனவரியில் டசல்டார்ஃப் நகரின் தொழிலதிபர் மன்றத்தில் ஹிட்லர் உரையாற்றினார். மார்க்சியத்தை வேரோடு அழிப்பதாக அங்கே உறுதி கூறினார். எல்லா முதலாளிகளும் அன்றே அவர் பின்னால் அணிவகுத்தார்கள் என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது; பலர் அப்போது பழைய பழமைவாதக் கட்சிகளையே ஆதரித்து வந்தார்கள். நவம்பர் தேர்தலில் கம்யூனிஸ்டுகள் வளர்ந்து, நாஜிகள் தளர்ந்தபோதுதான் நிலைமை மாறியது. ஹிட்லரைப் பிரதமராக்கக் கோரி வங்கியாளர் ஷாக்ட், எஃகு முதலாளி தைசன், பெருநிலக்கிழார்கள் ஆகியோர் அம்மாதமே ஹிண்டன்பர்க்குக்கு மனு அனுப்பினர். 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் ஷ்ரோடர் என்ற வங்கியாளரின் இல்லத்தில் ஹிட்லரும் முன்னாள் பிரதமர் பாப்பனும் பேரம் பேசினார்கள். ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார்.

அந்த அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து மூவர் மட்டுமே நாஜிகள். மற்றவர்கள் பிரபுக்கள், பழமைவாதிகள், தளபதிகள். தொழிற்சங்கங்களை நசுக்க ஹிட்லரைப் பயன்படுத்திக்கொள்ளலாம், பிறகு அவரைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று பாப்பன் கணக்குப் போட்டார். பிப்ரவரி 20 அன்று கோரிங்கின் இல்லத்தில் குரூப், ஐ.ஜி. ஃபார்பன் உள்ளிட்ட பெருநிறுவனங்களின் தலைவர்கள் கூடி, நாஜிகளின் தேர்தல் நிதியாக 30 லட்சம் மார்க் தர ஒப்புக்கொண்டார்கள்.

நம் தரப்பின் தவறு

தோழர்களே, முதலாளி வர்க்கம் தன் நலனைக் காத்துக்கொண்டதில் வியப்பில்லை. 1 கோடியே 32 லட்சம் வாக்குகளைப் பெற்றிருந்த இரு தொழிலாளர் கட்சிகள் என்ன செய்தன? இந்தக் கேள்விதான் நமக்கு வலி தருவது. அதைத் தவிர்த்துவிட்டு ஹிட்லரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

இரு கட்சிகளுக்கிடையே ஓர் இரத்தக் கோடு கிடந்தது. 1919 ஜனவரியில் சமூக ஜனநாயகவாதிகளின் அரசு ஏவிவிட்ட வலதுசாரிப் படையினர் ரோசா லக்சம்பர்க்கையும் கார்ல் லீப்னெக்டையும் கொன்றார்கள். 1929 மே நாளில், சமூக ஜனநாயகவாதி ஒருவரின் தலைமையில் இருந்த பெர்லின் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 1932 ஏப்ரலில் ஹிட்லரைத் தடுப்பதற்காக என்று சொல்லி, சமூக ஜனநாயகக் கட்சி ஹிண்டன்பர்க்குக்கே வாக்களிக்கச் சொன்னது. ஒன்பது மாதங்களில் அதே ஹிண்டன்பர்க்தான் ஹிட்லரை நியமித்தார். 1932 ஜூலையில் பிரஷ்ய மாநிலத்தில் சமூக ஜனநாயகக் கட்சி தலைமையிலான அரசை பாப்பன் ஒரே ஆணையால் கலைத்தபோது, அக்கட்சி வேலைநிறுத்தத்திற்கு அழைக்கவில்லை, நீதிமன்றத்தை நாடியது.

கம்யூனிஸ்டுகளின் கோபத்திற்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் அந்தக் கோபமே கொள்கையாக மாறியது பெருந்தவறு. சமூக ஜனநாயகத்தை 'சமூகப் பாசிசம்' என்று முத்திரை குத்தி, அதையே முதன்மை எதிரியாகக் கருதும் நிலைப்பாட்டைக் கம்யூனிஸ்ட் அகிலம் மேற்கொண்டிருந்தது. பாப்பனையும் ஹிட்லரையும் வேறுபடுத்திப் பார்க்க முடியாத அளவுக்கு, எல்லாமே பாசிசம் என்று பேசப்பட்டது. 1931 ஆகஸ்டில், பிரஷ்யாவின் அதே அரசைக் கவிழ்க்க நாஜிகள் ஆதரித்த பொதுவாக்கெடுப்பில் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்கேற்றது. 1933 ஜனவரி 30 அன்று அக்கட்சி பொது வேலைநிறுத்தத்திற்கு அறைகூவல் விடுத்தபோது, நேற்றுவரை பாசிஸ்டுகள் என்று ஏசப்பட்ட தொழிலாளர்களிடம் அந்தக் குரல் சென்று சேரவில்லை. அவர்களுடைய தலைவர்களோ அரசியலமைப்பு தங்களைக் காக்கும் என்று காத்திருந்தார்கள். 

இத்தவறைப் பகைவர்கள் கண்டுபிடித்துச் சொல்லவில்லை; நம் இயக்கமே ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டது. 1935இல் கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஏழாவது காங்கிரசில் டிமிட்ரோவ் முன்வைத்த அறிக்கை, பாசிசத்தை நிதி மூலதனத்தின் மிகப் பிற்போக்கான பிரிவினரின் வெளிப்படையான பயங்கரவாதச் சர்வாதிகாரம் என்று வரையறுத்தது. ஒரு முதலாளித்துவ அரசு போய் இன்னொன்று வருவதைப் போன்றதன்று பாசிசத்தின் வருகை என்று அவ்வறிக்கை எச்சரித்தது. தொழிலாளர்களின் ஐக்கிய முன்னணிக்கும் பரந்த மக்கள் முன்னணிக்கும் அழைப்பு விடுத்தது. ஆனால் அதற்குள் ஜெர்மானியத் தோழர்கள் சிறைகளிலும் வதைமுகாம்களிலும் கிடந்தார்கள்.

ஐம்பத்திரண்டு நாட்கள்

ஒரு குடியரசை அழிக்க ஹிட்லருக்குத் தேவைப்பட்டவை 52 நாட்கள். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, தனிமனித சுதந்திரம் அனைத்தையும் நிறுத்திவைக்கும் அவசர ஆணை வெளியானது. அந்த 'அவசரம்' 1945 வரை நீடித்தது. மார்ச் 3 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் எர்னஸ்ட் தேல்மான் கைதானார். பதினோரு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் வைத்து, 1944 ஆகஸ்டில் புச்சன்வால்ட் முகாமில் அவரைக் கொன்றார்கள். மார்ச் 5 தேர்தலில், இத்தனை அடக்குமுறைக்குப் பிறகும் நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதமே. வென்ற 81 கம்யூனிஸ்ட் உறுப்பினர்களின் பதவிகள் பறிக்கப்பட்டன. மார்ச் 22 அன்று டாஹாவ் வதைமுகாம் திறக்கப்பட்டது. மறுநாள், சட்டம் இயற்றும் அதிகாரம் முழுவதையும் ஹிட்லருக்கு அளிக்கும் சட்டத்தை 444 உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் 94 பேர் மட்டுமே. அவர்களுடைய துணிவை நாம் மதிக்க வேண்டும்.

மே நாளைத் தேசிய விடுமுறையாக ஹிட்லர் அறிவித்தார். தொழிற்சங்கத் தலைமை தன் உறுப்பினர்களை அந்த அரசு விழாவுக்கு அனுப்பியது. மே 2 காலையில் தொழிற்சங்க அலுவலகங்கள் அனைத்தும் கைப்பற்றப்பட்டன.

கொலையை நிர்வாகமாக்கிய அரசு

ஜெர்மானிய மக்கள்தொகையில் யூதர்கள் ஒரு சதவீதத்தைவிடக் குறைவு. நாட்டின் எல்லாத் துன்பங்களுக்கும் அந்தச் சிறுபான்மையே காரணம் என்று சொல்லப்பட்டது. 1933இல் அரசுப் பணியிலிருந்து நீக்கம். 1935இல் நியூரம்பர்க் சட்டங்களால் குடியுரிமைப் பறிப்பு, கலப்பு மணத் தடை. 1938 நவம்பரில் வழிபாட்டுத் தலங்களுக்குத் தீவைப்பு, 30,000 பேர் கைது. சேதத்திற்குத் தண்டமாக நூறு கோடி மார்க் யூதர்களிடமிருந்தே வசூலிக்கப்பட்டது. ஒவ்வொரு படியிலும் சட்டம் இருந்தது, அரசிதழ் இருந்தது, கையொப்பமிட அதிகாரிகள் இருந்தார்கள். 

நச்சுவாயு முதலில் பயன்படுத்தப்பட்டது மாற்றுத்திறனாளிகள் மீதும் மனநோயாளிகள் மீதும்தான். 1941 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 70,000 பேர் கொல்லப்பட்டார்கள். 1941 ஜூன் 22 அன்று சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்த பிறகு, கொலை கண்டம் தழுவியதாயிற்று. கீவ் நகரை அடுத்த பாபி யார் பள்ளத்தாக்கில் இரண்டே நாட்களில் 33,771 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த எண் கொலையாளிகளே எழுதிய அறிக்கையில் உள்ளது. 1942 ஜனவரியில் பெர்லின் அருகே வான்சீயில் கூடிய பதினைந்து அதிகாரிகளில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். மரண முகாம்களுக்கு மக்களை ஏற்றிச் சென்ற ரயில்வே, மூன்றாம் வகுப்புக் கட்டணத்தை வசூலித்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. 

ஆஷ்விட்சில் மட்டும் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். 1933இல் நன்கொடை தந்த ஐ.ஜி. ஃபார்பன், அம்முகாமை ஒட்டியே ஆலை அமைத்துக் கைதிகளின் உழைப்பை உறிஞ்சியது. யூதர்கள் 60 லட்சம். சோவியத் போர்க் கைதிகள் 30 லட்சத்துக்கும் மேல். ரோமா மக்கள் குறைந்தது இரண்டு லட்சம். பாசிசத்தை முறியடித்த போரில் சோவியத் மக்கள் இழந்த உயிர்கள் 2 கோடியே 70 லட்சம். ஆஷ்விட்சின் வாயிலை 1945 ஜனவரி 27 அன்று திறந்தது செஞ்சேனை.

முடிந்துபோகாத மரபு

ஹிட்லர் ஏப்ரல் 30 அன்று தற்கொலை செய்துகொண்டார். அவரை அமர்த்தியவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நியூரம்பர்க்கில் பாப்பனும் ஷாக்டும் விடுவிக்கப்பட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு தண்டனை பெற்ற அல்ஃபிரட் குரூப் 1951இலேயே விடுதலையாகி, சொத்துகளைத் திரும்பப் பெற்றார். ஐ.ஜி. ஃபார்பன் இயக்குநர் டெர் மேர் ஏழாண்டு தண்டனை பெற்றவர். 1956இல் பேயர் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுத் தலைவரானார். அதே 1956இல் மேற்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. 

இந்த மரபுக்கு இந்தியாவிலும் ஒரு சுவடு உண்டு. யூத வழிபாட்டுத் தலங்கள் எரிந்த சில மாதங்களிலேயே, 1939இல் வெளியான கோல்வால்கரின் நூல் ஜெர்மனியின் இனத் தூய்மைக் கொள்கையை இந்துஸ்தானம் கற்றுப் பயன்பெற வேண்டிய பாடமாகக் காட்டியது. இன்றைய இந்தியா 1933இன் ஜெர்மனி என்று எளிதாகச் சமன்படுத்த வேண்டாம். எல்லாமே பாசிசம் என்ற அன்றைய பிழையை நாம் வேறு வடிவில் செய்தவர்களாவோம். ஆனால் ஒரு சிறுபான்மையைச் சுட்டிக்காட்டி உழைப்போரைப் பிளக்கும் அரசியலை நாம் அடையாளம் காணத் தவறினாலும் அது பிழையே.

அந்த இளம் தோழருக்கு என் பதில் இதுதான்: ஹிட்லரைக் கொணர்ந்தவர்கள் உடைமையாளர்கள். அவர்களைத் தடுக்கும் வலிமை கொண்டிருந்தவர்கள் தொழிலாளர்கள். அவர்கள் ஒரே ஆலையில் அடுத்தடுத்த இயந்திரங்களில் நின்று வேலை செய்தும், ஒன்றாக வெளியேறி நிற்கவில்லை. பின்னர் டாஹாவில் ஒரே கொட்டகையில் அடைக்கப்பட்டபோதுதான் ஒருவரையொருவர் தோழர் என்று அழைத்தார்கள். நாளை உங்கள் ஆலையில், உங்கள் தெருவில் வேறு கொடி பிடிக்கும் தொழிலாளியிடம் பேசச் செல்லும்போது இதை நினைவில் வையுங்கள். அவரிடம் நமக்குள்ள வேறுபாடுகளை மறைக்க வேண்டாம். பேசுவதை மட்டும் ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள்.