அஞ்சலட்டையும் ஆய்வுக்கட்டுரையும்



அறிவியலாளர் ஒருவரின் பெருமையை விருதுகளைக் கொண்டு அளப்பதே நம்மிடையே வழக்கமாகிவிட்டது. டாக்டர் வி. சாந்தா அம்மையாருக்கு 2005இல் மகசேசே விருதும், 2016இல் பத்ம விபூஷண் விருதும் கிடைத்தன என்பதை நம் மாணவர் பலரும் மனப்பாடமாகச் சொல்வர். அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் வகுப்பே மௌனமாகிவிடுகிறது. ஆதலின் இன்று அக்கட்டுரைகளைப் பற்றியே பேச விழைகின்றோம்.

அம்மையார் 1927இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சர் சி.வி. இராமனும் சந்திரசேகரும் அவருக்கு உறவினர். நோபல் பரிசு வீட்டுப் பேச்சாக இருந்த குடும்பம் அது. நம் வீடுகளின் நிலை வேறு, அதை மறைப்பானேன்? எனினும் 1955இல், எழும்பூர் அரசு மருத்துவமனைப் பணி கைக்கெட்டியும் அதை விடுத்து, பன்னிரண்டே படுக்கைகளுடன் இருந்த அடையாறு புற்றுநோய் நிலையத்தை அவர் தேர்ந்துகொண்டார். 2021இல் மறையும் வரை அதுவே அவர் இல்லம்.

1959இல் அவரும் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் எழுதிய கட்டுரை 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்' இதழில் வெளியாயிற்று. வாய்ப்புற்று எதனால் வருகிறது என்பதே அதன் பொருள். வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வது நம் பாட்டிமார் பலரின் பழக்கம். உழைப்பின் களைப்பை மறக்க அவர்களுக்கு வேறென்ன இருந்தது? அந்தப் பழக்கத்தைத்தான் இவ்விருவரும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். 1963இல் அதன் தொடர்ச்சி வந்தது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தாம்பூலத்தைப் பற்றி 1985இலும் 2004இலும் நூல்கள் வெளியிட்டபோது, சான்றுகளின் வரிசையில் அடையாற்றின் இந்தப் பழைய கட்டுரைகளையும் வைத்தது. ஒரு கட்டுரைக்கு இதனினும் நீண்ட ஆயுள் வேண்டுமா? புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்பது 2004 நூலின் முடிவு. திருமண வீட்டில் இதைச் சொன்னால் நம்மை மறுமுறை அழைக்கமாட்டார்கள்!

நாம் பெரிதாக மதிப்பது வேறொரு கட்டுரையை. சென்னை நகரப் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்தில் அம்மையார் முயற்சியால் அடையாற்றில் உருவாயிற்று. பணியாளர்கள் நகரின் பிற மருத்துவமனைகளுக்கும் சென்று நோயாளிகளின் பெயர், வயது, முகவரி ஆகியவற்றைத் திரட்டுவர்; இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுவர்; பின்னர் அஞ்சல்வழி விசாரிப்பர், வீடு தேடியும் செல்வர். இத்தனை அலைச்சல் எதற்கு?

எடுத்துக்காட்டாக, பத்து நோயாளிகளில் நால்வரின் இறப்பு மட்டும் பதிவேட்டில் கிடைக்கிறது என வைத்துக்கொள்வோம். மற்ற அறுவரும் உயிருடன் இருப்பதாகக் கணக்கு எழுதலாம். வீட்டுக்குச் சென்று கேட்டால் அவர்களில் இருவர் எப்போதோ மறைந்திருப்பார்கள். வீடு தேடாத கணக்கில் இறந்தவரும் வாழ்கிறார். சிகிச்சையும் சிறந்துவிட்டதாகத் தோன்றுகிறது! இந்தப் பிழையைத்தான் சுவாமிநாதன், ரமா, சாந்தா ஆகிய மூவரும் 1990 முதல் 1999 வரையிலான சென்னைப் பதிவுகளைக் கொண்டு காட்டி, 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினர்.

இது நம்மைத் தொடும் செய்தி. அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் குடியிருந்த நம் மக்களில் எத்தனை பேர் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டார்கள்! மருத்துவமனையிலிருந்து வரும் அஞ்சலட்டை இடிக்கப்பட்ட குடிசையின் முகவரிக்கே செல்லும். குடும்பத்தில் எவரேனும் சிகிச்சை பெற்றிருந்தால், இடம் மாறியவுடன் புதிய முகவரியை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். நோய் பிறருக்குத் தெரியலாகாதென்று பொய் முகவரி கொடுப்பது வேண்டாம். இளைஞர்கள் இதைத் தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும்; எழுத இயலாதவர்க்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

மற்றொன்றும் சொல்வோம். அந்த 2008 கட்டுரையில் முதற்பெயராக நிற்கும் சுவாமிநாதன் புள்ளியியல் அறிஞர். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையென்று மனமொடிந்து நம்மிடம் வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லி வருகிறோம். கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் பட்டப்படிப்பு உண்டு.