ஊசிக்கும் அளவுண்டு

(மாதனூர் ஊராட்சி ஒன்றியத்தில் பால் உற்பத்தியாளர்களும் மாதர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நமது மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி உள்ளது. அது இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்களுள் ஒன்று ஆக்ஸிடோசின். பிரசவ வேளையில் கருப்பையைச் சுருங்கச் செய்வதும் பாலை இறக்குவதும் அதன் வேலை. தாய்க்கும் பசுவுக்கும் அது ஒன்றே. அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டு விக்னோ 1953-இல் இதை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினார். 1955-இல் நோபல் பரிசு பெற்றார்.

இது உயிர் காக்கும் மருந்து. குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு 10 யூனிட் செலுத்தி உதிரப்போக்கைத் தடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆனால், வலி விரைந்து வரட்டும் என்று பிரசவத்திற்கு முன்பே வீட்டில் இதைப் போட்டால் நேர்வதென்ன? கருப்பை ஓய்வின்றி இறுகும். சிசுவுக்குப் பிராணவாயு குறையும். கருப்பை கிழிந்து தாயும் உயிரிழக்க நேரலாம். மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது இதனால்தான். சொட்டை நிறுத்தினால் சிறிது நேரத்தில் வேகம் தணியும். தசையில் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க இயலுமா?

அதே சுரப்பியின் மற்றொரு ஹார்மோனைப் போன்று செய்யப்பட்டது டெஸ்மோபிரெசின். இரவில் படுக்கையை நனைக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவர் தருவது. ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்து, நீரையும் நிறையப் பருகவிட்டால், உடலில் நீர் தங்கி உப்புச் சத்து குறையும்; தலைவலி, வாந்தி, வலிப்பு வரை செல்லும். அம்மாத்திரைகள் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

இனி மாட்டுக் கொட்டகைக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்மக்கள் வேன் வருமுன் கறவையை முடிக்க வேண்டும். அந்த அவசரத்திலேதான் ஊசி நுழைகிறது. ஊசிக்குப் பழகிய பசு, ஊசியின்றிப் பால் விடத் தயங்கும். கை தவறி ஊசி தம்மேல் பாய்ந்தால் கருவுற்ற பெண்ணுக்குப் பேராபத்து. பால் குடிப்போரைப் பற்றி ஊரில் பல பேச்சு உண்டு. இந்த ஹார்மோன் வயிற்றில் செரித்துவிடும் தன்மையது. உண்மையான கேடு ஊசி ஏறும் உயிருக்கே.

கன்றை ஊட்டவிடுங்கள், மடியை வெந்நீரால் கழுவித் துடையுங்கள், மிரட்டாதீர்கள். ஓரிரு நிமிடங்களில் பசுவின் சொந்த ஹார்மோனே பாலை இறக்கும். மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும்படி பால் கறக்க ஊசி போடுவது பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

இத்தகைய துர்உபயோகம் காரணமாக, 2018-இல் மத்திய அரசு தனியார் நிறுவனங்கள் உள்நாட்டு உபயோகத்திற்கு இம்மருந்தைத் தயாரிப்பதற்குத் தடை விதித்தது. தாய்மார்களுக்குத் தட்டுப்பாடு நேரும் என்ற கவலையுடன், டெல்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் அத்தடையை ரத்து செய்தது. கொட்டகையில் செய்யும் தவறு பிரசவ அறையின் மருந்தையே பறிக்கப் பார்த்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதே ஐடா ஸ்கட்டர் அம்மையாரை மருத்துவம் பயிலத் தூண்டியது. 1900-இல் அவர் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருந்தகமே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்தது. அத்தகைய மருத்துவமனை இருக்கும் சீமையில் வீட்டுத் திண்ணையில் பிரசவ ஊசி எதற்கு?

வலி கண்டவுடன் 108-ஐ அழையுங்கள். மாட்டுக்கு நோயெனில் 1962-ஐ அழையுங்கள். மருத்துவர் எழுதாத ஊசி எவர் வீட்டிலும் நுழையாதிருக்கட்டும்.