பாட்டுப்பெட்டியும் காற்றுப்பையும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பேசுவான் என்று எதிர்பார்த்து என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் கார் வாங்குவதைப் பற்றிப் பேசப் போகிறேன். வகுப்பறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் ‘மகிழுந்து’ என்றே சொல்லி வந்தேன். இங்கே அப்படிச் சொன்னால் முன்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனவே கார் என்றே சொல்கிறேன். நம் குடும்பங்களில் இன்று கார் வாங்காத வீடு குறைவு. வாங்கும்போது எந்தக் கார் என்பதில் வராத சண்டை, அதே காரில் எந்த வகை என்பதில் வந்துவிடுகிறது. கடைக்காரர்கள் அதை வேரியன்ட் என்கிறார்கள். வெளித்தோற்றம் ஒன்றுதான், உள்ளே வைத்திருப்பவை வேறு. கீழ்வகைக்கும் மேல்வகைக்கும் இடையே மூன்று, நான்கு இலட்சம் ரூபாய்கூட வேறுபடும். அந்த வேறுபாட்டில் எது தேவை, எது பகட்டு என்று பிரித்தறிவதில் நான் ஒருமுறை தவறியவன். அந்தத் தவற்றை உங்கள் முன் சொல்லிவிட வேண்டும் என்றே இந்தத் தலைப்பை எடுத்தேன்.

2011ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக்கு முதல் கார் வந்தது. நான்கு வகைகள் இருந்தன. மேல்வகையில் பாட்டுப்பெட்டி, நான்கு ஸ்பீக்கர், பளபளக்கும் சக்கரங்கள் ஆகியவற்றோடு, ஏர்பேக் எனப்படும் காற்றுப்பைகள் இரண்டும் இருந்தன. அக்காலத்தில் சிறிய கார்களில் காற்றுப்பை வேண்டுமென்றால் பெரும்பாலும் மேல்வகைக்குத்தான் போக வேண்டும். பாதுகாப்பையும் பகட்டையும் ஒரே மூட்டையில் கட்டி விற்றார்கள். நான் பட்டியலைப் பார்த்தேன். கண்ணில் பட்டது பாட்டுப்பெட்டி மட்டும். “பாட்டுக்கும் பளபளப்புக்கும் ஓர் ஆசிரியன் பணம் கொடுப்பதா?” என்று பெருமையாகச் சொல்லிக் கீழ்வகையை எடுத்தேன். எளிமையாக இருக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. அந்த நினைப்பிலும் ஒரு செருக்கு இருந்தது என்பது அப்போது தெரியவில்லை.

2015இல் திண்டிவனத்திலிருந்து வந்தவாசிக்குத் திரும்பும் சாலையில், எதிரே வந்த மாட்டுவண்டிக்கு விலகப்போய்ப் புளியமரத்தில் மோதினேன். ஓட்டியவன் நான், பக்கத்தில் என் மனைவி. இருவரும் பெல்ட் அணிந்திருந்தோம். அதனால் உயிர் பிழைத்தோம். ஆனால் அவள் முகம் முன்பலகையில் இடித்து, இரண்டு பற்கள் போயின. தாடை எலும்பு முறிந்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை. மார்கழிக் குளிரில் இன்றும் அவளுக்குத் தாடை வலிக்கிறது. அன்று முதல் அவள் முன்னிருக்கையில் அமர்வதில்லை. என்னைக் குறை கூறி ஒரு சொல் சொன்னதில்லை. குறை கூறியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

காற்றுப்பை இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எதற்காக இருக்கிறது என்பதைக்கூட அன்று நான் கேட்டு அறிந்திருக்கவில்லை. மோதிய கணத்தில், நாம் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் அது விரிந்து, முகத்துக்கும் பலகைக்கும் இடையே நிற்கிறது. பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது அது; பெல்ட் இல்லாதவருக்கு அதுவே காயத்தை உண்டாக்கலாம்.

இன்று நிலை மாறிவிட்டது. 2019 ஏப்ரலிலிருந்து சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எல்லாக் கார்களிலும் கட்டாயம். அதே ஆண்டு சூலையிலிருந்து ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம். 2021 இறுதியோடு அருகில் இருப்பவருக்கும் கட்டாயமாயிற்று. பல நிறுவனங்கள் ஆறு காற்றுப்பைகளை எல்லா வகைகளிலும் தருகின்றன. ஆனால் எல்லா நிறுவனங்களும் அல்ல. 2023 அக்டோபர் முதல் ‘பாரத் என்கேப்’ என்ற மோதல் சோதனை நம் நாட்டிலேயே நடைபெறுகிறது. நட்சத்திர எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், அந்த அறிக்கையில் சோதிக்கப்பட்ட வகை எது, நாம் வாங்கப்போகும் வகையில் அதே பொருள்கள் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும்.

சென்ற ஆண்டு என் மகன் புதுக்கார் வாங்க முடிவு செய்தான். பழைய தவற்றின் பாரம் என்னை எதிர்ப்பக்கம் தள்ளியது. “எதையும் பார்க்காதே, உச்ச வகையை எடு, பணம் நான் தருகிறேன்” என்றேன். அவன் பொறுமையானவன். நிறுவனத்தின் அட்டவணையை என் முன் விரித்து, “அப்பா, பாதுகாப்பு என்று தலைப்பிட்ட வரிகளை மட்டும் முதலில் படியுங்கள்” என்றான். படித்தேன். ஆறு காற்றுப்பைகள், வளைவில் கார் சறுக்காமல் காக்கும் கட்டுப்பாடு, குழந்தை இருக்கையைப் பொருத்தும் கொக்கிகள் ஆகியவை நான்கு வகைகளிலும் இருந்தன. பின்புறக் கேமராவும் பின்கண்ணாடித் துடைப்பானும் இரண்டாம் வகையில் தொடங்கின. மூன்றாம் வகையில் தோல்போன்ற இருக்கை உறை, ஆறு ஸ்பீக்கர்கள். நான்காம் வகையில் வானம் தெரியும் கூரைக் கண்ணாடியும், புகழ்பெற்ற பெயர் பொறித்த எட்டு ஸ்பீக்கர் ஒலியமைப்பும். 2011இல் நான் படிக்காமல் விட்ட அட்டவணையை இப்போதும் படிக்காமலே முடிவு செய்யப் பார்த்தேன்.

விலையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் காருக்கான வாழ்நாள் வரி, வரி கணக்கிடும் விலை ஐந்து முதல் பத்து இலட்சம் வரை 13 விழுக்காடு; பத்தைத் தாண்டி இருபது வரை 18 விழுக்காடு. தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் அந்த விழுக்காடு. 9,80,000 ரூபாய்க்கு வரி 1,27,400. அடுத்த வகை 10,40,000 என்றால் வரி 1,87,200. கூடுதல் விலை அறுபதாயிரம். கூடுதல் வரி ஏறத்தாழ இன்னொரு அறுபதாயிரம். விற்பனையாளர் “அறுபதுதான் சார் வித்தியாசம்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார்.

இனி ஒலிக்கு வருவோம். நம்மவரான திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு யாழ்ப்போட்டிக்கு வந்த சீவகனிடம் ஒன்றன்பின் ஒன்றாக யாழ்களை நீட்டுவார்கள். அவன் அழகைப் பார்ப்பதில்லை. இது நீரில் நின்று அழுகிய மரம், இது இடி விழுந்த மரம் என்று குற்றம் கண்டு தள்ளுவான். நரம்பை முறுக்கவிழ்த்து உள்ளே இருந்த மயிரை எடுத்துக் காட்டுவான். ஷோரூமுக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது. அங்கே போட்டுக் காட்டும் பாட்டு, அடியொலி அதிர்கிற பாட்டாகவே இருக்கும். நின்ற காரில், கண்ணாடி ஏற்றி, அடியொலியை உயர்த்தி வைத்துக் காட்டுவார்கள். அந்த அமைப்புகளையெல்லாம் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்கள். நான் மிருதங்கம் வாசித்த ஒரு கச்சேரியையும் ஓர் உரையையும் கொண்டு போனேன். மிருதங்கத்தின் தொப்பி ஒலி தாழ்ந்தது, வலந்தலை ஒலி உயர்ந்தது. இரண்டும் கலங்காமல் தனித்தனியே கேட்டால் அமைப்பு நன்று. உரையில் ‘ச’கரமும் ‘ஷ’கரமும் சீறினால் உயர்வொலி மிகுதி.

எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். வாட் இருமடங்கானால் ஒலி இருமடங்காகாது. மூன்று டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு திறன் வேண்டும். ஸ்பீக்கர் எண்ணிக்கையிலும் கதவில் உள்ள பெரியதும் கண்ணாடி ஓரத்தில் உள்ள டுவீட்டர் என்னும் சிறியதும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. பொறித்த பெயர்களைப் பற்றியும் ஒரு செய்தி: ஜேபிஎல், ஹர்மன் கார்டன் என்று இரு பெயர்கள் காண்கிறோமே, இரண்டும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை, அந்நிறுவனம் 2017 முதல் சாம்சங்கின் உடைமை. போஸ் என்பது வேறு. வங்காளத்துத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த பேராசிரியர் அமர் போஸ் தொடங்கியது. ஆசிரியத் தொழில் செய்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி அன்பு. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எட்டு ஸ்பீக்கர் அமைப்பு நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டேன். நின்ற காரில் தம்புராவின் இழை தனியே கேட்டது. ஆனால் நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில், குளிர்சாதனமும் ஓட, சக்கர ஒலி அந்த நுட்பத்தை விழுங்கிவிட்டது. அன்றியும் அறுபதைக் கடந்த காதுகள் மிக உயர்ந்த ஒலிகளைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றன. டுவீட்டர் பாடியது என் பேரனுக்கு, எனக்கல்ல.

நான்காம் வகை வேண்டாம் என்றாயிற்று. மூன்றாம் வகையா, இரண்டாம் வகையா? அப்போதுதான், அதுவரை பேசாதிருந்த என் மனைவி சொன்னாள்: “எனக்குப் பாட்டு வேணும். இத்தனை வருஷம் போனை மடியில வெச்சுக் கேட்டாச்சு.” என் பேச்சு நின்றுவிட்டது. பாட்டைப் பகட்டு என்று தீர்ப்பளித்தவன் நான், அவளைக் கேட்டதில்லை. இரண்டாம் வகையில் முன்னால் மட்டும் இரண்டு ஸ்பீக்கர்கள். பின்னால் அமர்பவளுக்கு அது பக்கத்து வீட்டு வானொலிபோல் கேட்டது. மூன்றாம் வகை என்று முடிவாகிவிட்டது.

ஆனால் நம்மவர்க்கே உரிய கேள்வி ஒன்று எஞ்சியிருந்தது. அட்டவணையில் இருக்கைக்கு ‘லெதரெட்’ என்றும், ஸ்டீயரிங்குக்கு ‘லெதர்’ என்றும் அச்சிட்டிருந்தார்கள். முன்னது செயற்கை. பின்னது? “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார் விற்பனையாளர். நல்ல பிள்ளை, அவருக்கு அது ஒன்றுதான். நமக்கு ஒன்றல்லவே. மகன் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் எழுதினான். நான்கு நாளில் பதில் வந்தது: மூன்றாம், நான்காம் வகைகளில் ஸ்டீயரிங் உறை உண்மைத் தோல். நாள்தோறும் கை பற்றுகிற இடம் அது. கார் வாங்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இக்கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். கியர்க் குமிழையும் சேர்த்துக் கேளுங்கள்.

எனவே துணி இருக்கை உள்ள இரண்டாம் வகையையே எடுத்தோம். சித்திரை வெயிலில் துணியே மேல் என்பது உபரி இலாபம். பின்கதவுகளில் ஸ்பீக்கருக்கு இடமும் கம்பியும் ஏற்கெனவே இருந்தன. நிறுவனத்தின் பணிமனையிலேயே, கம்பியை வெட்டாமல் இணைப்பான் வழியாக இரண்டு ஸ்பீக்கர்கள் பொருத்தினார்கள். வெளியே வெட்டி ஒட்டினால் மின்பகுதிக்கான உத்தரவாதம் போய்விடக்கூடும். கதவுத் தகடு அதிராமலிருக்க உள்ளே ஓர் ஒட்டுத்தாளும் ஒட்டினார்கள். என் காதுக்கு அந்தத் தாள் செய்த நன்மை பெரிது. எல்லாம் சேர்த்தும் மூன்றாம் வகைக்கான கூடுதல் விலையில் பாதியை எட்டவில்லை.

இருக்கை உறை போடுவோர் ஒன்றைக் கருத வேண்டும். பக்கக் காற்றுப்பைகள் முன்னிருக்கையின் விலாவிற்குள் மடிந்திருக்கின்றன. கடையில் விற்கும் சாதாரண உறை அவற்றை விரியவிடாமல் தடுக்கக்கூடும். அதற்கென்று விலாத் தையல் பிரியும்படி அமைத்த உறையையே கேட்டு வாங்குங்கள். பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பை ஆயிரம் ரூபாய் உறையால் மூடிவிட வேண்டாம்.

புதுக்காரில் முதற்பயணமாகப் பொன்னூர்மலைக்குப் போனோம். என் மனைவி பின்னிருக்கையில்தான் அமர்ந்தாள். முன்னால் வரச்சொல்லி நான் கேட்கவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். வந்தவாசி தாண்டியதும், “கொஞ்சம் சத்தம் வைப்பா” என்று மகனிடம் சொன்னாள். சற்று நேரத்தில் பாட்டோடு சேர்ந்து அவள் குரலும் கேட்டது. தாடை முறிந்த பிறகு அவள் பாடி நான் கேட்டது அன்றுதான்.

இளைஞர்கள் சிலர் மாதிரி அட்டவணைகளோடு வந்திருப்பதைக் காண்கிறேன். பந்தியில் என் அருகே அமருங்கள், சேர்ந்து படிப்போம். பொழுது சாய்வதற்குள் உணவு முடிய வேண்டுமென்று அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.